உள்ளூர்க் காய்கறியை மட்டும் வாங்கினால் தட்டுப்பாடு வராதா?

கேள்வி: அம்பத்தூர் வாசகி

2020 மே 5 அன்று தொற்றுப் பரவலால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டபோது, எங்கள் தெருவுக்குத் தினமும் வரும் தள்ளுவண்டி நின்றுபோனது. அந்த வாரம் முழுவதும் தவறாமல் கிடைத்தது, பூந்தமல்லிப் பக்கமிருந்து மொபெட்டில் வரும் ஓர் அம்மாவின் அரைக்கீரையும் சிறுகீரையும் மட்டுமே. வேரில் ஈர மண் ஒட்டியிருந்த அந்தக் கட்டுகளை இன்னும் நினைத்துக்கொள்கிறேன். அன்று முதல், சுற்றுவட்டாரத்தில் விளைவதை மட்டுமே வாங்கினால் என்ன என்ற எண்ணம் இருக்கிறது. அப்படிச் செய்தால் அடுத்த நெருக்கடியில் உண்மையிலேயே பாதுகாப்பாக இருப்போமா?

பதில்: மண்டிக் கணக்கர்

அம்மா, அந்த நாட்களில் சென்னைக்குக் காய்கறி இல்லாமல் போகவில்லை; இறக்க இடமில்லாமல் போனது. மதனப்பள்ளி, கோலார் தக்காளியும் நாசிக் வெங்காயமும் ஒரே வாசல் வழியாக ஊருக்குள் வந்து பழகியிருந்ததால், அந்த வாசல் அடைபட்டதும் எல்லாமே தடுமாறிவிட்டது. சில நாட்களில் திருமழிசையில் தற்காலிகச் சந்தை திறந்தார்கள் என்றாலும், நள்ளிரவில் அவ்வளவு தூரம் சென்று சரக்கெடுக்க வண்டி வசதியில்லாத சிறு வியாபாரிகள் பலருக்கு அது எட்டவில்லை. உங்கள் தள்ளுவண்டிக்காரரும் அதனால்தான் வராமல் இருந்திருப்பார். ஆகவே தூரத்தைவிட, ஒரே வழியை நம்பியிருந்ததையே நான் பெரிய குறையாகக் கருதுகிறேன். கீரை வந்ததற்குக் காரணம், அது கோயம்பேட்டைத் தொடாமல் வரும் சரக்கு.

பதில்: பட்டுக்கோட்டைக்காரன்

உள்ளூரை மட்டும் நம்புவதில் உள்ள ஆபத்தை நாங்கள் அனுபவித்திருக்கிறோம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, எங்கள் கொல்லையில் இருந்த நாற்பது தென்னைகளில் ஆறுதான் நின்றன. வாழை, முருங்கை, தோட்டக் காய்கள் எல்லாம் ஒரே இரவில் சாய்ந்தன. பக்கத்து ஊர்களிலும் அதே நிலைதான் என்பதால், அண்டை அயலில் கேட்டு வாங்கவும் வழியில்லை. அன்று எங்கள் அடுப்பு எரிந்தது வெளியூர் லாரிகள் கொண்டுவந்த அரிசியாலும் காய்கறியாலும்தான். நட்ட தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை வெளியூர்ச் சந்தை வேண்டாம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

பதில்: பாலக்கோடு விவசாயி

இருவர் சொல்வதும் சரியே. ஆனால் நட்டவன் பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். வரத்து பெருகும் மாதங்களில் பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாமல், பழுத்த தக்காளியைச் செடியோடு உழுதுவிடுகிறோம். அப்படி நஷ்டப்பட்டவர் அடுத்த பருவம் தக்காளியை நடத் தயங்குவார். 2023 ஜூலையில் விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசே விற்றபோது, தக்காளி போடச் சொல்லிப் பலரும் கேட்டார்கள். நாற்று நட்டுக் காய் பறிக்க இரண்டு மாதத்திற்கு மேலாகும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. விலை ஏறும்போது மட்டும் உள்ளூரைத் தேடினால் உள்ளூரில் ஒன்றும் இருக்காது. 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இன்றும் எங்களைப் போன்றோருக்கு உதவுவது, இடைத்தரகும் கமிஷனும் இல்லாமல், அன்றாடம் வரும் வாடிக்கையாளர்களால்தான். தோல் மெல்லிதாக இருப்பதால் நெடுந்தூரம் தாங்காத நாட்டுத் தக்காளியையும் அங்கே நசுங்காமல் விற்க முடிகிறது.

கேள்வி கேட்டவர்: அம்பத்தூர் வாசகி

மூவருக்கும் நன்றி. வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் வழக்கம்போல் கடையிலேயே வாங்கிக்கொள்கிறேன். கீரைக்கார அம்மாவிடம் மட்டும், மழையோ வெயிலோ, வாரம் மூன்று நாள் எங்கள் மாடிக் குடியிருப்பின் எட்டு வீடுகளுக்கும் சேர்த்து எடுத்துக்கொள்கிறோம் என்று நேற்றுச் சொல்லிவிட்டேன். கூடவே கொத்தவரையும் போடட்டுமா என்று அவர் கேட்டிருக்கிறார்.