பல்கலைக்கழக லக்ரோஸ்: தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்

ஒன்ராறியோவில் பிள்ளைகளை லக்ரோஸ் (வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து எறியும் ஆட்டம்) விளையாட அனுப்பிய உறவுகளே, ஓர் உதவி. மகன் பன்னிரண்டாம் வகுப்பு. இதுவரை ஆடியது உள்ளரங்க லக்ரோஸ்தான். கோல் காப்பாளரோடு சேர்த்து அணிக்கு 6 பேர். இப்போது புரொக் அல்லது ட்ரென்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மைதான லக்ரோஸ் ஆடியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அங்கே 10 பேர், பெரிய புல்வெளி, தடுப்பாட்டக்காரரின் கையில் 6 அடி வரை நீளும் மட்டை. இவனோ குட்டை மட்டையில் பழகியவன். அதைக்கூடப் பழகிக்கொள்வான்.

என் கவலை காலம் பற்றியது. கனடியப் பல்கலைக்கழக மைதான லக்ரோஸ் சங்கத்தின் போட்டிகள் செப்டெம்பரில் தொடங்கி, நவம்பரில் பாகட்டவே கிண்ணத்தோடு முடிந்துவிடுகின்றன. அமெரிக்காவைப் போல இளவேனிலில் அல்ல. முதலாம் ஆண்டு மாணவன் வகுப்பறையைக் கண்டுபிடிக்கும் முன்பே தெரிவுப் பயிற்சியில் நிற்க வேண்டும்!

பயிற்றுநருக்கு முன்கூட்டியே காணொளி அனுப்ப வேண்டுமா, நேரில் போனால் போதுமா? பயணம், சீருடை என்று மாணவன் கையிலிருந்து எவ்வளவு போகும்? இடைத்தேர்வுகளை உங்கள் பிள்ளைகள் எப்படிச் சமாளித்தார்கள்? விளையாட்டை விடச் சொல்லுங்கள் என்ற அறிவுரை மட்டும் வேண்டாம். அதை அவனுடைய அம்மம்மா நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.