மியூனிக்கிலிருந்து ஹம் தேருக்கு ரீஜியோனல் ரயிலில் போக நினைப்பவர்களுக்கு

ஜெர்மனியில் இருக்கும் ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு மியூனிக்கிலிருந்து வெறும் டாய்ச்லாண்ட் டிக்கெட்டை (நாடு முழுவதும் ரீஜியோனல், அதாவது வட்டார ரயில்களிலும் டவுன் பஸ்களிலும் செல்லும் மாதச் சீட்டு) வைத்துக்கொண்டே போய்விட முடியுமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். முடியும். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை பட்ட பாட்டைச் சொல்கிறேன், உங்களுக்கு அது மிச்சம்.

டிக்கெட் கதையைச் சட்டென்று முடித்துவிடலாம். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2025இல் 58 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 63. மாணவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்களில் இதுவே 60 சதவீத விலையில் செமஸ்டர் கட்டணத்தோடு சேர்ந்து வந்துவிடும். அதைப் பார்க்காமல் தனியாக இன்னொன்று வாங்கியவர்களை எனக்குத் தெரியும். இது மாதச் சந்தா என்பதையும் மறக்க வேண்டாம். இந்த மாதத்தோடு போதும் என்றால் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்துவிட வேண்டும். 11ஆம் தேதி ஞாபகம் வந்தால் அடுத்த மாதக் காசும் போச்சு. ஆர்இ, ஆர்பி என்ற ரீஜியோனல் ரயில்கள், எஸ்-பான் (புறநகர் ரயில்), ஊ-பான் (மெட்ரோ), டிராம், டவுன் பஸ் எல்லாவற்றிலும் செல்லும். ஐசிஇ, ஐசி, இசி என்ற நெடுந்தூர விரைவு ரயில்கள் மூன்றிலும் ஏறக்கூடாது. டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் குறைந்தது 60 யூரோ அபராதம்.

இன்னொன்று, ஐசிஇ ஸ்பார்ப்ரைஸ் (முன்பதிவுச் சலுகை டிக்கெட்) என்ன விலை என்று ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முன்கூட்டியே பார்த்தால் சில நாள் மலிவாகவே கிடைக்கும், நேரமும் பாதியாகக் குறையும். கடைசி வாரத்தில் விலை ஏறிய பிறகுதான் ரீஜியோனலுக்கு அர்த்தம்.

நான் போன வழி: மியூனிக், நியூரம்பெர்க், வூர்ஸ்புர்க், பிராங்க்ஃபர்ட், கீசன், காசல், அப்புறம் பாடர்போர்ன் வழியாக ஹம். எல்லாம் சரியாக நடந்தால் பதினோரு மணி நேரம். ரயில் ஆப்பில் தேடும்போது ரீஜியோனல் ரயில்களை மட்டும் காட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள், மாறும் நேரத்தையும் கூட்டிவையுங்கள். அது தானாகக் கொடுக்கும் ஆறு நிமிட மாற்றங்களை நம்பாதீர்கள். பிராங்க்ஃபர்ட்டில் ஒரு கோடி பிளாட்பாரத்திலிருந்து மறு கோடிக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடிப் பார்த்தால் தெரியும். பதினோரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது கஷ்டமே இல்லை. சென்னையிலிருந்து அன்ரிசர்வ்டில் ஊருக்குப் போனவர்களுக்கு அது எம்மாத்திரம்? ஆளை அடிப்பது மாற்றங்கள்தான். ஐந்து ரயிலில் ஒன்று தவறினால் மிச்சம் எல்லாம் சரியும். அதனால் காலை ஆறு மணிக்கு முன்னாலேயே கிளம்பிவிடுங்கள், பிராங்க்ஃபர்ட்டில் வேண்டுமென்றே ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ரயில் தாமதமானால் அந்த ஒரு மணி நேரம் அதை விழுங்கிக்கொள்ளும், தாமதமாகாவிட்டால் காலாற நடந்து ஒரு காபி குடிக்கலாம்.

இனி கீசன். பிராங்க்ஃபர்ட்டிலிருந்து வடக்கே போகும் சில ரயில்கள் இரண்டு ரயில்களாகச் சேர்த்து மாட்டப்பட்டிருக்கும். கீசனில் அவை பிரியும்: ஒரு பாதி மார்புர்க், காசல் பக்கம், மறு பாதி வெட்ஸ்லர், சீகன் பக்கம். எனக்கு இது தெரியாது. மேசையோடு ஜன்னலோர இடம் கிடைத்தது, எதிரே ஒரு பாட்டி பின்னிக்கொண்டிருந்தார், நான் புளியோதரையைப் பிரித்தேன். கீசனில் ஏதோ நீளமாக அறிவித்தார்கள். பாதிப் பேர் எழுந்து பிளாட்பாரத்தில் ஓடினார்கள். எதற்கு இந்த ஓட்டம் என்று வேடிக்கை பார்த்துக்கொண்டே அப்பளத்தைக் கடித்தேன். ரயில் கிளம்பிப் பத்து நிமிடத்தில் வெட்ஸ்லர் என்று பலகை. பாட்டியிடம் “காசல்?” என்றேன். அவர் ஊசியை நிறுத்திவிட்டு, “நைன், நைன்” (இல்லை, இல்லை) என்று தலையை ஆட்டினார். இறங்கி, கீசனுக்குத் திரும்பி, அடுத்த காசல் ரயிலைப் பிடிப்பதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. வெட்ஸ்லர்தான் லைக்கா கேமரா பிறந்த ஊராம். நான் பார்த்தது ஒரு பிளாட்பார பெஞ்சு மட்டுமே.

ஆகவே ‘ட்சூக்டைல்’ என்ற சொல் காதில் விழுந்தால் சாப்பாட்டை மூடுங்கள். ரயிலின் பகுதி என்று பொருள். ‘ஃபோர்டரர்’ முன்பகுதி, ‘ஹின்டரர்’ பின்பகுதி. ஏறும்போதே கதவுப் பக்கம் ஓடும் பலகையில் உங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பல ரயில்களில் ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்கு உள்ளே நடந்து போக முடியாது, ஸ்டேஷனில் இறங்கித்தான் மாற வேண்டும்.

சாப்பாடு கையில் இருக்கட்டும். புளியோதரை, எலுமிச்சை சாதம், சப்பாத்தி சுருள் எல்லாம் சரி. முட்டைக் குழம்பை மூடிய பெட்டிக்குள் பிரிப்பது உங்கள் மனசாட்சியைப் பொறுத்தது. ஞாயிற்றுக்கிழமை ஊரில் சூப்பர்மார்க்கெட் திறக்காது, பெரிய ஸ்டேஷன் கடைகள்தான் கதி. தண்ணீரைக் குழாயில் பிடித்துக்கொள்ளுங்கள், கடையில் வாங்கினால் காலி பாட்டிலை எறியாதீர்கள், கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் திரும்பி வரும். கழிவறையை ரயிலிலேயே முடித்துக்கொள்ளுங்கள், பெரிய ஸ்டேஷன்களில் அதற்கும் காசு. ஆனால் ஏறியவுடன் எந்தப் பெட்டியில் வேலை செய்கிறது என்று பார்த்துவையுங்கள். பூட்டி ஒரு தாள் ஒட்டியிருப்பது சாதாரணம். சார்ஜ் போடும் வசதியும் எல்லா ரயிலிலும் கிடையாது. சனிக்கிழமை ஃபுட்பால் மேட்ச் இருந்தால் நின்றுகொண்டே போவதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

யாராவது “20 நிமிடம் தாமதமானால் ஐசிஇயில் ஏறிக்கொள்ளலாம்” என்று சொல்வார்கள். டாய்ச்லாண்ட் டிக்கெட்டுக்கு அது கிடையாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் ஒரு தடவைக்கு 1.50 யூரோ கேட்கலாம், அதுவும் 4 யூரோவாவது சேர்ந்தால்தான் கையில் தருவார்கள். மூன்று தாமதம் சேர்த்து அனுப்ப வேண்டும்.

ஹம் ஸ்டேஷனிலிருந்து கோயில் இருக்கும் ஊன்ட்ரோப்புக்கு டவுன் பஸ், அதே டிக்கெட்தான். சுற்றிலும் தொழிற்பேட்டை, நடுவில் திடீரென்று கோபுரம். 2002இல் ஈழத்துச் சனம் எழுப்பிய கோயில். தேர் ஞாயிறன்று, நீங்கள் சனிக்கிழமையே போய் ஒரு அறையில் படுத்துவிடுங்கள். அன்றே போய்ச் சேர்ந்து தேர் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டால், கீசனில் நான் செய்ததை நீங்கள் செய்யாவிட்டாலும், வடம் பிடிக்கும் நேரத்தில் எங்காவது பாடர்போர்னில்தான் நின்றுகொண்டிருப்பீர்கள்.

வெட்ஸ்லருக்கு 1.50 கேட்டுப் பார்த்தீர்களா என்று நண்பர் கேட்டார். ரயில் சரியான நேரத்துக்குத்தான் போனது, தப்பான ஊருக்குப் போனது நான். என் கணக்கில் இன்னும் இரண்டு தாமதம்தான் சேர்ந்திருக்கிறது.