அச்சில் நிறம் மங்குகிறது, ஒரு வழி சொல்லுங்கள்

வணக்கம். நான் வரைகலை மாணவி. சிறுவர் கதை ஒன்றுக்கு வரைந்த 12 படங்களை போர்ட்ஃபோலியோவுக்காக அச்சடிக்க வேண்டும். திரையில் பளிச்சென்று தெரியும் நீலம், சோதனை அச்சில் சாம்பல் படிந்தது போல வந்துவிட்டது. திரைக்கான ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல ஒளி) முறையில் வரைந்து, கடைசியில் அச்சுக்கான சிஎம்ஒய்கே (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மை) முறைக்கு மாற்றியதுதான் காரணம். திரையின் ஒளி காட்டும் சில நிறங்கள் நான்கு மைகளில் வரவே வராது என்பது இப்போதுதான் உறைக்கிறது. 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கான புள்ளிகள்), 3 மி.மீ. பிளீட் (வெட்டுவதற்காக ஓரத்தில் கூடுதலாக விடும் படப்பகுதி) எல்லாம் சரியாக இருக்கிறது.

அச்சகத்தின் ஐசிசி புரொஃபைலை (அவர்களின் அச்சில் நிறங்கள் எப்படி வரும் என்ற விவரக் கோப்பு) வாங்கி, சாஃப்ட் புரூஃப் (அச்சு எப்படி இருக்கும் என்று திரையிலேயே காட்டும் முன்னோட்டம்) பார்த்துக்கொண்டே மறுபடி வண்ணம் தீட்டுவதா? இல்லை, இருக்கும் படங்களிலேயே நிறத்தைத் திருத்தினால் போதுமா? அந்த நீலம்தான் கதையின் இரவு வானம், அதை இழக்க மனமில்லை. அப்புறம், இப்போது பூச்சில்லாத தாளில் அச்சடித்தேன். பூச்சுத் தாளுக்கு மாறினால் நிறம் எடுப்பாக வருமா? அச்சு வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். படங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்.