ட்யூமர் போர்டுன்னா என்ன? ஸ்டடி ஃபார்ம்ல கையெழுத்து போடலாமா?

வந்தவாசிக்காரன்:
அப்பாவுக்கு கன்னத்துக்குள்ள புண்ணு ஆறவே இல்ல, பயாப்சில கேன்சர்னு வந்துருச்சு. ரொம்ப வருசமா போயில போடுறவர். சென்னைல ஒரு கேன்சர் ஆஸ்பத்திரில காட்டுறோம். ஆபரேஷனுக்கு தேதி குடுப்பாங்கன்னு போனா, ட்யூமர் போர்டுல வச்சு பேசிட்டுதான் சொல்லுவோம் அடுத்த வாரம் வாங்கன்னுட்டாங்க, அதுக்குள்ள பல் டாக்டர், டயட்டீஷியன்னு ரூம் ரூமா அனுப்புறாங்க. புண்ணு கன்னத்துல, ஆனா கழுத்துலயும் எடுக்கணுமாம், ஸ்கேன்ல கழுத்து க்ளீனா இருக்குன்னும் அவங்களே சொல்றாங்க! இதுல ஏதோ ஆராய்ச்சி ஸ்டடில சேர்றீங்களான்னு ஒரு ஃபார்ம் வேற. அம்மா ஒரே அழுகை. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மதுரை_ராஜா:
ஃபார்ம்ல மட்டும் கையெழுத்து போட்டுராதீங்க பாஸ், நம்மாள வச்சு மருந்து டெஸ்ட் பண்ணுவாங்க. பேசாம பிரைவேட்ல காட்டுங்க, ஒரே டாக்டர், ரெண்டு நாள்ல ஆபரேஷன் முடிஞ்சுரும்.

நைட்டூட்டி:
ரெண்டு நாள்ல வெட்டி எடுக்கறது பெருசில்ல தம்பி, கேன்சர் வார்டுல நர்ஸா இருந்தவ சொல்றேன். போர்டுல சர்ஜன், ரேடியேஷன் டாக்டர், கீமோ டாக்டர், பயாப்சி சதைய மைக்ராஸ்கோப்ல பாக்குற பேத்தாலஜி டாக்டர், ஸ்கேன் பாக்குறவங்க எல்லாம் ஒண்ணா உக்காந்து ஸ்லைடையும் ஸ்கேனையும் பாப்பாங்க. சர்ஜன் எடுத்துரலாம்பார், ஸ்கேன் டாக்டர் தாடை எலும்ப தொட்டிருக்கு பாருங்கம்பார், அவ்ளோதான், பிளானே மாறிடும், எலும்பையும் எடுக்கணும், அந்த எடத்த மூட பிளாஸ்டிக் சர்ஜன் வேணும். இது தியேட்டருக்குள்ள போயி தெரியறதுக்கு முன்னாடியே தெரிஞ்சா நல்லதுதானே. பல் டாக்டர் எதுக்குன்னா, ரேடியேஷன் பட்ட தாடைல பின்னாடி பல்லு புடுங்கினா புண்ணு ஆறாம போகலாம், எலும்பே செத்துப்போகலாம், அதான் சொத்தைய முதல்லயே எடுத்துருவாங்க. டயட்டீஷியன லேசா நெனைக்காதீங்க, வெயிட் ரொம்ப கொறஞ்சா ரேடியேஷன தாங்க மாட்டாங்க, பாதில நிறுத்துனா பட்ட கஷ்டத்துக்கு பலன் கொறஞ்சுரும்.

பார்மசி_கண்ணன்:
கழுத்து விஷயத்துக்கு வரேன். மும்பை டாடா மெமோரியல்ல ஆரம்ப ஸ்டேஜ் வாய் கேன்சர்காரங்கள ரெண்டா பிரிச்சு, ஒரு பக்கம் வாய் ஆபரேஷனோடயே கழுத்து நெறியையும் (நிணநீர் முடிச்சு) எடுத்தாங்க, இன்னொரு பக்கம் நெறி கட்டுனா பாத்துக்கலாம்னு விட்டாங்க. 3 வருசத்துல முத குரூப்ல 80 சதவீதம் பேர் உயிரோட, அடுத்ததுல 67.5 தான். 2015ல வெளியாச்சு. ஸ்கேன்ல தெரியாத அளவுக்கு துளியூண்டு கேன்சர் நெறிக்குள்ள ஒளிஞ்சிருக்கலாம், அதான் காரணம். உங்கப்பாவுக்கு கழுத்துலயும் எடுக்கணும்னு இன்னிக்கு டாக்டர் தைரியமா சொல்றாருன்னா அன்னிக்கு யாரோ அந்த மாதிரி ஃபார்ம்ல கையெழுத்து போட்டதாலதான், ராஜா சார் இதையும் யோசிங்க. எல்லா ஸ்டடியும் புது மருந்தும் கெடையாது, அதே டாடால நிவோலுமாப்ங்கிற காஸ்ட்லி ஊசிய வழக்கமான டோஸ்ல பத்துல ஒரு பங்குக்கும் கம்மியா, 20 மில்லிகிராம் மட்டும் குடுத்தே பலன் இருக்குன்னு காட்டுனாங்க, ஏழைங்களுக்கு எட்டணும்னு பண்ண ஸ்டடி அது.

அதுக்காக கண்ண மூடிட்டு போடாதீங்க. தமிழ் ஃபார்ம் கேளுங்க, வீட்டுக்கு எடுத்துட்டு வந்து படிங்க. சிடிஆர்ஐ நம்பர் (இந்தியால ஸ்டடிய பதிவு பண்ற நம்பர்) இருக்கா, நோயாளிங்க பாதுகாப்ப பாக்குற எத்திக்ஸ் கமிட்டி போன் நம்பர் இருக்கா, ஏதாச்சும் ஆனா செலவு யாரோடதுன்னு பாருங்க. வேணாம்னாலும் வழக்கமான ட்ரீட்மென்ட் குடுத்தே ஆகணும், நடுவுல விலகவும் செய்யலாம்.

வந்தவாசிக்காரன்:
ரொம்ப தேங்க்ஸ். தமிழ் ஃபார்ம் வாங்கிட்டேன், மருந்தே இல்ல அதுல, ரேடியேஷனுக்கு முன்னாடியே முழுங்குற பயிற்சி ஆரம்பிக்கணுமா பின்னாடியான்னு பாக்குறாங்களாம். அப்பாவே சேர்றேன்னுட்டார். ஆனா மனுசன் இன்னும் திருட்டுத்தனமா போயில போடுறார், இத டாக்டர்கிட்ட சொன்னா திட்டுவாங்களாக்கா?

நைட்டூட்டி:
திட்டுனாலும் சொல்லிருங்க தம்பி. நிறுத்தலன்னா ஆபரேஷன் புண்ணு ஆற லேட் ஆகும். கவுன்சிலர் இருப்பாங்க, அடுத்த வாரம் போறப்ப அப்பாவ நேரா அங்க கூட்டிட்டு போங்க.