புதுப்பிப்பு: பாத எலும்பு விரிசல், மருத்துவ பூட்ஸைக் கழற்றிய பிறகு

பாத எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்தால் பாதத்தைக் காக்க மருத்துவர் போட்டுவிடும் விறைப்பான பூட்ஸோடு முதல் ஆறு வாரம் என்ன செய்வது என்று முன்பு எழுதியிருந்தோம். "பூட் கழட்டியாச்சுண்ணா, எப்போ கிரவுண்டுக்கு வரலாம்?" என்று வியாசர்பாடி கால்பந்துத் தம்பிகள் கேட்டிருந்தார்கள். அவர்களுக்காக இது.

இரண்டாவது, மூன்றாவது விரலுக்கு நேர் பின்னால், பாதத்தின் மேல்புறத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தால் எலும்பு இன்னும் கூடவில்லை. சில நாள் தொடர்ந்து அரை மணி நேரம் வலியின்றி நடக்க முடிந்த பிறகுதான் ஓட்டம்: 1 நிமிடம் மெதுவோட்டம், 2 நிமிடம் நடை, ஒருநாள் விட்டு ஒருநாள். வலி திரும்பினால் நிறுத்துங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஆடவே ஆடாதீர்கள். எச்சரிக்கிற வலியையே அது மறைத்துவிடும்.

பலரும் கோட்டை விடுவது செருப்பில். நடுவில் வளைகிற ரப்பர் செருப்பு, ஒவ்வொரு அடியிலும் அந்த எலும்பையும் வளைக்கும். விறைப்பான அடிப்பாகம் உள்ள ஷூதான் சரி. வீட்டுக்குள் மொசைக் தரையிலும் வெறுங்கால் வேண்டாம். மெத்தென்று இருக்கிறதே என்று திருவொற்றியூர் கடற்கரை மணலில் ஓடாதீர்கள். குதிகால் புதையும், முன்பாதம்தான் உந்தித் தள்ள வேண்டிவரும். இறுகிய சமமான மண் தரை போதும்.

சுண்டுவிரலுக்குப் பின்னால் நீளும் பாத எலும்பின் அடிப்பகுதியிலோ பாத வளைவின் உச்சியிலோ விரிசல் என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ரத்த ஓட்டம் குறைவு, எலும்பு கூடாமலே போகலாம். எலும்பு மருத்துவர் சொல்லாமல் பூட்ஸைக் கழற்றாதீர்கள்.