முதல் பிரசவம் சிசேரியன், இரண்டாவது சுகப்பிரசவம்: தஞ்சாவூர், திருச்சி பக்கம் யாருக்காவது அனுபவம் உண்டா?

வணக்கம் தோழிகளே. எனக்கு இப்போது 31 வாரம். மூத்தவளுக்கு மூன்றரை வயது. கடைசி வரை அவள் தலை திரும்பாததால் சிசேரியன் செய்தார்கள்.

அப்போதைய டிஸ்சார்ஜ் சம்மரியை நேற்றுதான் தேடி எடுத்தேன். தடுப்பூசி அட்டைக்குள் மடங்கி, மஞ்சள் கறையோடு கிடந்தது. கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகத்தான் வெட்டியிருக்கிறார்கள். நெடுக்காக வெட்டியிருந்தால் சுகப்பிரசவத்தைப் பற்றி யோசிக்கவே கூடாதாம்.

முதலில் பார்த்த டாக்டர் அந்தத் தாளைக்கூடப் பார்க்காமல் மறுபடி சிசேரியனுக்குத் தேதி குறிக்கச் சொல்லிவிட்டார். இரண்டாவது டாக்டர் நிதானமாகப் பேசினார். முயற்சி செய்பவர்களில் நான்கில் மூன்று பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறதாம். கர்ப்பப்பையில் போட்ட பழைய தையல் விடும் அபாயம் சுமார் 200 பேரில் ஒருவருக்கு. வலி தானாக வந்தால் நல்லது, ஆனால் வலி தொடங்கியதிலிருந்து குழந்தையின் இதயத்துடிப்பை விடாமல் கவனிக்க வேண்டும், உடனே ஆபரேஷன் செய்ய வசதி வேண்டும் என்றார். அவர் ஆஸ்பத்திரியில் இரவில் மயக்க டாக்டர் இருப்பதில்லை. அங்கேதான் சிக்கல்.

இந்தப் பக்கம் 24 மணி நேரமும் அந்த வசதியோடு, முயற்சிக்குச் சம்மதிக்கும் டாக்டர் யாராவது தெரியுமா? அம்மா வீடு பட்டுக்கோட்டை. வலி வந்தபின் அங்கிருந்து கிளம்பினால் சரிப்படுமா, அல்லது கடைசி மாதம் டவுனிலேயே தங்கிவிடலாமா? முயன்று பார்த்து மறுபடி சிசேரியனில் முடிந்தவர்களும் சொல்லுங்கள்.

விளக்கெண்ணெய் யோசனை மட்டும் வேண்டாம், மாமியார் ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டார்!