எங்க காலனி பூங்காவுக்கு காசு வந்த கதை – உங்க ஊர்ல எப்படின்னு நீங்களும் சொல்லுங்க

கம்மாக்கரை:

ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன், இப்பத்தான் உக்காந்தேன். எங்க ஊரு தென் மாவட்டத்துல ஒரு நகராட்சி, பேரு வேண்டாம், அப்ப ஆபீஸ்ல இருந்தவங்க நிறைய பேர் இன்னும் அங்கதான் இருக்காங்க. மத்திய அரசோட ஸ்மார்ட் சிட்டி திட்டத்துல தமிழ்நாட்டுக்கு 11 ஊரு வந்துச்சு, அத்தனையும் மாநகராட்சி, எங்கள மாதிரி ஊருக்கு அந்தக் காசு எட்டிக்கூடப் பாக்கல. அதனால நம்ம சைஸ் ஊருக்கு பார்க், கிரவுண்டுன்னு கேட்டா காசு எந்தப் பக்கமிருந்து வரும்னே எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாது.

எங்க காலனில 140 வீடு. லேஅவுட் மேப்ல பூங்கான்னு 40 சென்ட் பச்சைக் கலர்ல இருக்கும். நேர்ல போய்ப் பாத்தா சீமைக்கருவேலம், வீடு இடிச்ச கல்லு மண்ணு, உடைஞ்ச டாய்லெட் பீங்கான், அதுக்கு நடுவுல பன்னி படுத்திருக்கும். பிள்ளைக தெருவுலதான் கிரிக்கெட் ஆடும். பக்கத்துத் தெரு பையன் ஒருத்தன் பந்து எடுக்க ஓடி பைக் மோதி காலுக்குள்ள கம்பி வச்சாங்க, எட்டாம் வகுப்பு படிக்கிற பையன், மூணு மாசம் கட்டில்ல கிடந்தான், அவங்க அம்மா ஒரு நாள் என்கிட்ட வந்து "அண்ணே அந்த மேப்ல இருக்க எடத்த வாங்கிக் குடுங்க"ன்னு கேட்டுச்சு, அன்னைக்கி ஆரம்பிச்சது.

அதுக்கு முன்னாடியும் மனு குடுக்காம இல்ல. ஆனா 2016 அக்டோபர்ல இருந்து 2022 பிப்ரவரி தேர்தல் வரைக்கும் கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர் நிர்வாகம், மனு குடுத்தா ஒரு ரசீது வரும் அத்தோட சரி. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்துக்கு மொத தடவையா ஏரியா சபா, அதான் ஊர்ல கிராம சபை மாதிரி டவுன்ல வார்டு மக்கள் கூடிப் பேசற கூட்டம், நடத்துனாங்க பாருங்க, அதுல நாங்க ஒரு 30 பேர் போய் உக்காந்தோம், பாதிக்கு மேல பொம்பளைங்க. பூங்கா கேட்டதுக்கு வந்த ஓவர்சியர் "பொது நிதில காசு இல்லைங்க, மத்திய நிதி வருது ஆனா அது இதுக்கு ஆகாது"ன்னாரு. எங்களுக்கு கோவம். அப்பத்தான் 2022ல சொத்து வரி ஏத்திருந்தாங்க, கேட்டா மத்திய வரிப்பணத்த மாநிலத்துக்கும் உள்ளாட்சிக்கும் எப்படிப் பிரிக்கணும்னு சொல்ற 15வது நிதிக்குழு போட்ட நிபந்தனைன்னாங்க, வரிய மட்டும் ஏத்துவீங்க பார்க்குக்கு மட்டும் காசு இல்லையான்னு நானே சத்தம் போட்டேன். அப்புறம் ரிட்டயர்டு பிடபிள்யூடி ஐயா ஒருத்தர் எங்க காலனில இருக்காரு, அவர்தான் பொறுமையா சொன்னாரு. 15வது நிதிக்குழு மானியத்துல நம்ம மாதிரி சின்ன ஊருக்கு வர்றதுல 60 சதவீதம் கட்டுப்பட்ட நிதி, அதாவது சொன்ன வேலைக்கு மட்டும்தான் செலவு பண்ணலாம், குப்பை, சுகாதாரத்துக்குப் பாதி குடிநீருக்குப் பாதின்னு போயிரும், மிச்சம் 40ல தான் ரோடு, கால்வாய், லைட்டுன்னு எல்லாம் வரிசைல நிக்கும், அதுல பார்க் கடைசி. ஓவர்சியர் சொன்னது பொய் இல்ல. அவர் சொல்லாம விட்டது நமக்கு நாமே திட்டத்த.

இது 1997ல வந்த திட்டம், நடுவுல 2011ல தன்னிறைவுத் திட்டம்னு பேரு மாறுச்சு, 2021க்கு அப்புறம் மறுபடி பழைய பேர்லயே வந்துருக்கு. மக்கள் பங்கு மூணுல ஒரு பங்கு கட்டுனா மிச்சத்த அரசு போடும். எங்களுக்கு எஸ்டிமேட் 15 லட்சம், அப்ப 5 லட்சம் நாங்க கட்டணும். ஒரு வீட்டுக்கு 3,600 ரூபா சுமார். கேக்க சின்னதா இருக்கும், வசூல் பண்ண ஏழு மாசம் ஆச்சு. வசதியான சில பேரு "வரி கட்டுறோம்ல, அப்புறம் எதுக்கு"ன்னு கதவ சாத்துனாங்க, அந்தக் கேள்வில நியாயம் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா வாடகைக்கு இருக்க ஒரு கொத்தனாரு, நாளைக்கே வேற எடம் போகலாம், அவரு 2,000 ரூபாயும் ரெண்டு நாள் வேலையும் தர்றேன்னாரு. எதிர்த்த டீக்கடைல டப்பா வச்சோம், அதுலயே 11,000 சேந்துச்சு. டிடி எடுத்த அன்னைக்கி பேங்க்ல அந்தப் பையனோட அம்மாவும் வந்து நின்னாங்க.

எடம் யார் பேர்ல இருக்குன்னு பாக்கணும்னு அந்த ஐயா ஆரம்பத்துலயே சொல்லிட்டாரு. லேஅவுட் போட்டவரு நகராட்சிக்கு தானப்பத்திரம் எழுதிக் குடுத்திருந்தா மட்டும்தான் நகராட்சி அங்க செலவு பண்ண முடியும். நல்ல வேளை எங்களுக்கு பத்திரம் இருந்துச்சு, நகல் எடுக்கத்தான் ஒரு மாசம் நடந்தோம்.

அப்புறம் மன்றத் தீர்மானம், நிர்வாக அனுமதி, டெண்டர் எல்லாம் ஆகி வேலை தொடங்குனப்ப நடந்ததுதான் முக்கியம். நடைபாதைக்கு பேவர் பிளாக். எஸ்டிமேட்ல மண்ண கெட்டிச்சு அதுமேல எம் சாண்ட் பரப்பி பிளாக் பதிக்கணும்னு இருக்கு. ஒரு நாள் காலைல ஐயா வாக்கிங் போனவரு நின்னு பாத்துருக்காரு, வெறும் மண்ணுமேல அப்படியே அடுக்கிக்கிட்டு இருக்காங்க. ஒரு பிளாக்க எடுத்துப் பாத்தா அடில களிமண் ஒட்டிக்கிட்டு வருது. எஸ்டிமேட் நகல் எங்க கைல இருந்துச்சு, ஆர்டிஐல 10 ரூபா கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி வாங்குனது. பத்து பேரு அங்கயே நின்னுட்டோம். காண்ட்ராக்டர் ஆளு "இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு"ன்னு கேட்டான். வரிசையா நின்ன பொம்பளைங்கள்ல ஒருத்தி "இதுல என் வீட்டுக் காசு 3,600 இருக்கு"ன்னு சொன்னா பாருங்க, அவனால பதில் சொல்ல முடியல. நகராட்சி ஏஇ, அதான் உதவிப் பொறியாளர், வந்து பாத்து கிட்டத்தட்ட 60 அடி நீளத்துக்குப் பிரிச்சு மறுபடி போட வச்சாரு. முடிஞ்ச வேலைய அளந்து எழுதற எம்-புக்ல அளவு ஏத்துறதுக்கு முன்னாடி புடிச்சதால ஆச்சு, பில் பாஸ் ஆயிருந்தா ஒண்ணும் நடந்திருக்காது.

உங்க ஊர்ல எப்படின்னு சொல்லுங்க, நல்லதோ கெட்டதோ.

நொய்யல் பக்கம்:

அண்ணா படிக்கப் படிக்க எங்கூர்ல நடந்ததே ஞாபகம் வந்துச்சுங்க. எங்களுக்கு எம்எல்ஏ தொகுதி மேம்பாட்டு நிதில திறந்தவெளி ஜிம் போட்டாங்க, ஒரு தொகுதிக்கு வருசத்துக்கு 3 கோடி அந்த நிதி, அதுல கேட்ட மூணாவது மாசமே சாமான் வந்து எறங்கிடுச்சுங்க, நமக்கு நாமே மாதிரி வசூலெல்லாம் இல்ல. திறப்பு விழா அன்னைக்கு எங்கம்மா சைக்கிள் மிதிச்சு போட்டோ எடுத்துட்டு வந்தாங்க, அவங்களுக்கு 62 வயசு, முழங்கால் வலி, டாக்டர் மிதிக்கச் சொன்னதுதான். தெனமும் போனாங்க. ஒன்பது மாசத்துல பெடல் பேரிங் போயிடுச்சுங்க. அந்த நிதி சொத்து உண்டாக்கறதுக்குத்தான், ரிப்பேருக்கு அதுல வழியில்லைன்னாங்க. நகராட்சில கேட்டா அது எங்க லிஸ்ட்லயே ஏறலைன்னாங்க. ஒரு பேரிங் 200 ரூவா இருக்குமுங்க. நாலு தடவ மனு எழுதி கடைசில பக்கத்து லேத்துக்காரர் காசு வாங்காம மாட்டிக் குடுத்தாரு. இப்ப மத்த ரெண்டு மிஷின் துருப்புடிச்சுக் கெடக்குது, அம்மா அந்த ஒரு சைக்கிளுக்கு காலைல அஞ்சரைக்கே போறாங்க, லேட்டா போனா லைன் நிக்குது.

அதனால யாராவது இனிமே கேக்கறீங்கன்னா, மனுவுலயே பராமரிப்பு யார் பாக்கறதுன்னு எழுதி வாங்கிக்கங்க. நாங்க அதைத்தான் விட்டுட்டோம்.

வாய்க்கால்மேடு:

நான் டெல்டா பக்கம். எங்க ஊருக்கு பூங்கா வரல, ஆனா கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டத்துல நூலகமும் அறிவுசார் மையமும் கட்டுனாங்க. என் பொண்ணு டிஎன்பிஎஸ்சிக்கு அங்கதான் போய் படிக்கிறா. வீட்டுல ஒரே ரூம், டிவி சத்தம், மாமியாருக்கு இருமல், அங்க போனா ஒரு டேபிள் ஒரு ஃபேன், நிம்மதியா உக்காரலாம்னு சொல்றா. வெளிய போய் கோச்சிங்னு எங்களால முடியாது. எனக்கு இருக்க ஒரே குறை சாயங்காலம் சீக்கிரம் பூட்டிடறாங்க, வேலைக்குப் போற பிள்ளைங்க ஆறு மணிக்கு மேலதான் வருவாங்க. 14 பிள்ளைங்க கையெழுத்து போட்டு குடுத்துருக்கோம், பாப்போம்.

அண்ணன் சொன்ன தானப்பத்திரம் பத்தி ஒண்ணு கேக்கணும். எங்க தெருவுல பார்க் இடம்னு சொன்ன எடத்துல இப்ப ஒருத்தர் ஷெட் போட்டுருக்காரு, பட்டா இருக்குன்னு சொல்றாரு. என்ன பண்றது?

கம்மாக்கரை:

சகோதரி, மொதல்ல அப்ரூவ் ஆன லேஅவுட் வரைபடத்த ஆர்டிஐல கேளுங்க, 30 நாளைக்குள்ள பதில் தரணும். கூடவே பத்திர ஆபீஸ்ல அந்த சர்வே நம்பருக்கு வில்லங்கம் போட்டு, தானப்பத்திரம் பதிவாகிருக்கான்னு பாருங்க. இப்ப இருக்க 2019 கட்டட விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல போற மனைப்பிரிவுல ரோடு போக மிச்சத்துல 10 சதவீதம் பொது இடமா விடணும், பழைய லேஅவுட்டுக்கு அப்ப இருந்த விதி. பூங்கான்னு காட்டுன எடத்த வேற எதுக்கும் மாத்தக் கூடாதுன்னு ஹைகோர்ட் எத்தனையோ வழக்குல சொல்லிருக்கு. பேப்பர் ரெண்டும் கைக்கு வந்ததும் ஷெட்காரர்கிட்ட சண்டைக்குப் போகாம நேரா கமிஷனர்கிட்ட எழுத்துல குடுங்க, நகல்ல சீல் வாங்கிக்கங்க. அதுவரைக்கும் அவருகிட்ட ஒரு வார்த்தை பேச வேண்டாம், பேசுனா ஷெட் ராத்திரியோட காம்பவுண்டா மாறிரும்.

நொய்யல் தம்பி சொன்ன பராமரிப்பு விஷயம் எங்களுக்கும் நடந்துச்சு, மேல எழுத விட்டுட்டேன். போர் போட்டு மோட்டாரும் எறக்குனாங்க, ஆனா இபி கனெக்சன் எஸ்டிமேட்லயே இல்ல. ஆறு மாசம் மோட்டார் சும்மா கிடந்துச்சு, வச்ச 48 வேப்பம், புங்கன் கன்னுல 19 காஞ்சுருச்சு. மிச்சத்த காப்பாத்துனது எதுத்த வீட்டு அக்கா, அவங்க வீட்டுக் குழாய்ல இருந்து ஓஸ் இழுத்து ரோட்டத் தாண்டி தண்ணி விட்டாங்க, வண்டி ஏறி ஓஸ் ரெண்டு தடவ கிழிஞ்சுது. இப்ப கனெக்சன் வந்துருச்சு. வீட்டுக்கு மாசம் 50 ரூபா வாங்கி ஒரு அம்மாவ கூட்டுறதுக்கும் தண்ணி விடறதுக்கும் வச்சிருக்கோம், கரண்ட் பில் நகராட்சி கட்டுது, அத தீர்மானமாவே போட வச்சோம்.

கால்ல கம்பி வச்ச பையன் இப்ப பத்தாவது. அங்கதான் பவுலிங் போடறான், ஓடறப்ப லேசா ஒரு பக்கம் இழுக்கும். நேத்து சாயங்காலம் பந்து எங்க வீட்டு மாடில விழுந்துச்சு, எடுக்க வந்தான், கேட்டத் தொறந்து விட்டேன்.